வால் வீசக் கற்றுத்தரும் வண்டி: ரேஸர் கிரேஸி கார்ட்

கோ-கார்ட்டில் டிரிஃப்ட் அடிக்க ஆசைப்படுகிறவர்களை முதலில் தடுப்பது வேகம்தான். பின்சக்கரங்கள் பிடி விட வேண்டுமானால் வண்டி ஓரளவு வேகத்தோடு வளைவுக்குள் நுழைய வேண்டும். அந்த வேகத்தில் பின்பக்கம் வெளியே வீசும்போது கை என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்கக்கூட நேரம் இருக்காது. எங்கே தப்பு நடந்தது என்று புரிவதற்குள் வண்டி ஒரு சுற்று சுற்றி, டயர்ச் சுவரைப் பார்த்தபடி நின்றுவிடும். அமெரிக்காவின் ரேஸர் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட கிரேஸி கார்ட், வேகத்தையும் சறுக்கலையும் தனித்தனியாகப் பிரித்துவிடுகிறது. மணிக்கு சுமார் 19 கிலோமீட்டருக்கு மேல் போகாத இந்த மின் வண்டியில் ஒரு கம்பியை மேலே தூக்கினால் போதும், பின்பக்கம் வழுக்கத் தொடங்கும்.

காலால் உந்தி ஓட்டும் அலுமினிய ஸ்கூட்டரை 2000-இல் ஊரெங்கும் பரப்பிய அதே ரேஸர்தான் இது. கிரேஸி கார்ட்டை உருவாக்கியவர் அங்கே பணியாற்றிய அலி கெர்மானி. எஃகுச் சட்டம், தரையோடு தரையாக ஒரு இருக்கை, 24 வோல்ட் மின்சாரம், ஒரே ஒரு பெடல். எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவு வேகம். அறிமுகமானபோது அமெரிக்காவில் இதன் விலை சுமார் 400 டாலர். ஒன்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது என்று நிறுவனம் சொல்கிறது. பெரிய பந்தய வண்டிகளின் சாயல் எதுவும் இதில் கிடையாது. ஆனால் அடியில் இருக்கும் இயந்திர யோசனை அபாரமானது. அதைக் குனிந்து பார்க்காமல் இந்த வண்டியை மதிப்பிட முடியாது.

சாதாரண கோ-கார்ட்டில் எஞ்சின் பின்சக்கரங்களைச் சுழற்றும். இதில் மோட்டார் முன்னால் இருக்கும் ஒற்றைச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. காற்றடைத்த டயர் போட்ட அந்தச் சக்கரம், ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்பக் கூடவே திரும்பும். எங்கும் முட்டி நிற்காமல் முழு வட்டமும் சுற்றிவரும். அரை வட்டம் திருப்பினால் வண்டி பின்னோக்கி ஓடும். ரிவர்ஸ் கியர் என்று தனியாக ஒன்று தேவைப்படாததற்கு இதுதான் காரணம்.

சூட்சுமம் முழுக்கப் பின்னால் இருக்கிறது. அங்கே இருப்பவை கேஸ்டர் சக்கரங்கள். அலுவலக நாற்காலியின் அடியில் எந்தப் பக்கமும் திரும்பும் உருளைகளின் இனம். நாற்காலியில் அந்த உருளை திரும்பும் அச்சு செங்குத்தாக நிற்கும், அதனால் அது தன் இஷ்டத்துக்குத் திரும்பும். கிரேஸி கார்ட்டில் அந்த அச்சின் சாய்வை ஓட்டுபவரே மாற்றலாம். இருக்கையின் பக்கவாட்டில் உள்ள டிரிஃப்ட் பாரைக் கீழே விட்டிருந்தால் அச்சு சாய்ந்திருக்கும். அப்போது சக்கரம் பக்கவாட்டில் திரும்ப வேண்டுமானால் வண்டியின் பாரத்தைக் கொஞ்சம் மேலே தூக்கியாக வேண்டும். பாரம் அதற்கு இடம் கொடுக்காது, சக்கரத்தை நேராக்கிவிடும். வண்டி சாதாரண கார்ட் மாதிரி ஓடும். பாரைத் தூக்கத் தூக்க அச்சு நிமிரும், சக்கரம் விடுபடும், பின்பக்கம் எந்தத் திசையிலும் நகரத் தயாராகிவிடும். இடையில் எந்த உயரத்தில் வேண்டுமானாலும் பாரை நிறுத்திப் பிடிக்கலாம். சறுக்கலை இப்படி அளந்து கொடுக்கும் வசதி நிஜமான கார்ட்டில் கிடைக்காது. பிடி விடும் எல்லை அங்கே டயரும் தரையும் சூடும் சேர்ந்து முடிவு செய்வது.

புதிதாக உட்காருபவர் யாராக இருந்தாலும் முதலில் பாரை முழுக்கத் தூக்கிவிடுவார். வண்டி நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும், சிரிப்பு பீறிடும். பல பிள்ளைகள் அதோடு திருப்திப்பட்டு, சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அது இந்த வண்டி தரும் மிகச் சிறிய இன்பம்.

உண்மையான பாடம் பாரைப் பாதியில் பிடிக்கும்போது தொடங்குகிறது. வழவழப்பான சிமெண்ட் தளத்தில் நன்றாக இடைவெளி விட்டு இரண்டு அடையாளங்களை வைத்து, அவற்றைச் சுற்றி எட்டு போடுவதுதான் சரியான பயிற்சி. வேகமெடுத்து வந்து ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்ததும் முகம் இடப்பக்கம் இழுபடும், வால் வலப்பக்கம் வீசும். இங்கேதான் எல்லோரும் தாமதிக்கிறார்கள். வால் முழுக்கப் போன பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பினால் பயனில்லை, வண்டி ஏற்கெனவே சுழலத் தொடங்கியிருக்கும். இடுப்புக்குக் கீழே இருக்கை பக்கவாட்டில் நழுவுவது தெரிந்த அந்தக் கணத்திலேயே கை வலப்பக்கம் திரும்பிவிட வேண்டும். பெடலிலிருந்து காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் முன்சக்கரத்தின் இழுவை போய்விடும், எதிர்ப்பக்கம் ஒடித்ததற்கு அர்த்தமே இருக்காது. இழுவை இருந்தால் முன்பக்கம் போகவேண்டிய திசைக்கு இழுபட, பின்பக்கம் கோணலாகவே கூடவே வரும். வண்டி ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு இன்னொரு பக்கம் போகும் அந்த நிலைதான் டிரிஃப்ட்.

கண்ணுக்கும் இதில் பெரிய வேலை இருக்கிறது. முன்னால் நிற்கும் அடையாளத்தையே வெறித்துப் பார்ப்பவர் அதன் மேலேயே போய் மோதுவார். அடுத்த அடையாளத்துக்குப் போகும் வழியைப் பார்ப்பவரின் கைகள் தாமாகவே அங்கே திரும்பும். பந்தயப் பயிற்சியாளர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் இந்த விஷயத்தை, பத்து வயதுப் பிள்ளைக்குச் சிராய்ப்பு இல்லாமல் கற்றுத்தர இதைவிட நல்ல கருவி இல்லை.

ஒரு குறையையும் இங்கேயே சொல்லியாக வேண்டும். ஸ்டியரிங் முழு வட்டமும் சுற்றுவதால், இரண்டு மூன்று முறை திருப்பியதும் முன்சக்கரம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதே மறந்துபோகும். ஸ்டியரிங்கின் உச்சியில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவைத்தால் இந்தக் குழப்பம் பாதிக்கு மேல் தீரும். பந்தயக் கார்களின் ஸ்டியரிங்கில் உச்சியில் ஒரு பட்டை இருப்பதும் இதற்குத்தான்.

இனி, இங்கே கற்றது நிஜமான கார்ட்டுக்கு உதவுமா என்ற கேள்வி. 1956-இல் கலிஃபோர்னியாவின் க்ளெண்டேல் நகரில் ஆர்ட் இங்கெல்ஸ், புல்வெட்டும் இயந்திரத்துக்கான சிறிய எஞ்சினைக் குழாய்ச் சட்டத்தில் பொருத்திச் செய்த வண்டியிலிருந்து இன்றுவரை கார்ட்டின் எலும்புக்கூடு பெரிதாக மாறவில்லை. சஸ்பென்ஷன் இல்லை, டிஃபரென்ஷியல் இல்லை. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே ஆக்சிலில் ஒன்றாகவே சுற்றும். வளைவில் உட்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் போக வேண்டும், ஆனால் ஆக்சில் விடாது. அதனால் ஸ்டியரிங்கை ஒடித்ததும் உட்பக்க முன்சக்கரம் கீழே அழுந்தி, சட்டம் முறுகி, உட்பக்கப் பின்சக்கரம் தரையைவிட்டு லேசாக எழும்பும்படி வடிவமைத்திருக்கிறார்கள். பெரும்பாலான கார்ட்களில் பிரேக்கும் அந்தப் பின் ஆக்சிலில் மட்டும்தான். வளைவுக்குள் நுழையும்போது ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை ஒடித்து, இடது காலால் பிரேக்கை ஒரு தட்டுத் தட்டினால் பாரம் முன்னுக்குப் போகும், பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும், வால் வீசும். வாடகைத் தளங்களில் பரவலாக ஓடும் 270 சிசி ஹோண்டா எஞ்சினின் வலு 9 குதிரைத்திறனை ஒட்டித்தான். காய்ந்த தளத்தில் அந்த வலுவை வைத்துக்கொண்டு சறுக்கலை நீட்டிக்க முடியாது. பிரேக் தட்டலில் பிறந்த சறுக்கல் சில மீட்டரிலேயே அடங்கிவிடும். ஈரத் தளத்தில்தான் அது நீளும். வேண்டுமென்றே சறுக்குவதைப் பல தளங்கள் அனுமதிப்பதில்லை என்பதையும் போகும் முன் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

வீடியோ கேமில் வளர்ந்த தலைமுறைக்கு இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1996-இல் வந்த மாரியோ கார்ட் 64-இலிருந்து, வளைவில் சரியாகச் சறுக்கினால் வண்டி கூடுதல் வேகம் பெறும் என்பது விளையாட்டின் விதி. தரையில் நடப்பது இதற்கு நேர்மாறு. டயர் பக்கவாட்டில் தேயும் ஒவ்வொரு மீட்டரும் வேகத்தைத் தின்னும். அதனால்தான் பந்தயக் கார்ட் ஓட்டுநர்கள் வாலை அடக்கி வைக்கவே பாடுபடுகிறார்கள். டிரிஃப்ட் தெரிந்திருப்பதன் பயன் அவர்களுக்கு வேறு: எதிர்பாராமல் பின்பக்கம் விலகும்போது கை பதறாமல் பிடித்துவிடும்.

கிரேஸி கார்ட் கற்றுத்தருவது அந்தக் கையைத்தான். வால் போகிறது என்று இடுப்பு உணர்ந்ததும் கண் வழியைத் தேட, கை எதிர்ப்பக்கம் ஒடியும் பழக்கம் அப்படியே நிஜமான கார்ட்டுக்குக் கூடவே வரும். கால் பாடம் வராது. இதில் இழுப்பது முன்சக்கரம், அங்கே தள்ளுவது பின்சக்கரம். பிரேக்கைத் தட்டிப் பாரத்தை முன்னுக்குத் தள்ளும் கலையை இதில் பழகவே முடியாது. அது வேண்டுமென்றால் பின்சக்கர மோட்டார்களோடு மணிக்கு 37 கிலோமீட்டர் வரை போகும் செக்வே-நைன்பாட் கோகார்ட் ப்ரோ போன்ற வண்டிக்குப் போக வேண்டும். அந்த வேகத்துக்கு விரிந்த இடமும் தலைக்கவசமும் கட்டாயம். முதல் பாடத்துக்கு அது அதிகப்படி; கிரேஸி கார்ட்டில் கை பழகிய பிறகு அதில் ஏறுவதே நல்ல வரிசை.

தளம் நன்றாக இல்லாவிட்டால் இந்த வண்டி பாதி வண்டிதான். சொரசொரப்பான தார்ச்சாலையில் சின்னப் பின்சக்கரங்கள் தடதடக்கும், சறுக்கல் வெட்டு வெட்டாக வரும். மண்ணும் மணலும் கிடந்தால் முன்சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும். கூடைப்பந்துத் தளம், காலியான வண்டி நிறுத்துமிடம், பெரிய கூடம் ஆகியவைதான் இதற்கு ஏற்றவை. பொதுச் சாலையில் கூடவே கூடாது. இவ்வளவு தாழ்வான வண்டி கார் ஓட்டுபவரின் கண்ணில் படாது. பின்னால் கொடிக்கம்பம் வைத்திருப்பதும் அதனால்தான்.

பேட்டரி லெட்-ஆசிட் வகை, வீட்டு யூபிஎஸ்ஸில் இருக்கும் இனம். தொடர்ந்து ஓட்டினால் சுமார் 40 நிமிடம் தாங்கும் என்கிறது நிறுவனம். கடைசிச் சில நிமிடங்களில் வேகம் குறைவதை ஓட்டுபவரே உணரலாம். திரும்ப சார்ஜ் ஏற மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் இடையிடையே சார்ஜ் போட்டு வைக்காவிட்டால் பேட்டரி செத்துவிடும். விடுமுறை முடிந்ததும் வண்டியை மூலையில் தள்ளிவிடும் வீடுகளில் முதலில் கெடுவது இதுதான்.

வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது எடை. மூல மாடல் 64 கிலோ வரைதான் தாங்கும். அப்பாவும் அம்மாவும் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் 109 கிலோ வரை தாங்கும் எக்ஸ்எல் மாடல்தான் சரி. ஆறு வயதிலிருந்தே ஓட்டலாம் என்று ஷிஃப்ட் என்ற சிறிய மாடலும் வந்தது. 12 வோல்ட், மணிக்கு சுமார் 13 கிலோமீட்டர். விலைக்காக அதன் பக்கம் சாயும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டிரிஃப்ட் பார் அதில் இல்லை. சறுக்கும், சுற்றும், குழந்தை மகிழும். பாதி உயரத்தில் பாரைப் பிடித்து எட்டு போடும் பயிற்சிக்கு மூல மாடலோ எக்ஸ்எல்லோதான் வேண்டும்.