புள்ளியும் மாத்திரையும்: தமிழ்ச் சுரக்குறிப்பின் அச்சு வடிவம்

பாட்டைத் தாளில் எழுதுவோர் இரண்டு பணிகளை ஒருங்கே செய்கின்றனர். ஒலிக்க வேண்டியது யாது என்று குறிப்பது ஒன்று. அக்குறிப்பைக் கண்ணுக்குப் புலப்படுமாறு அடுக்குவது மற்றொன்று. முன்னது இசையறிவின்பாற் பட்டது. பின்னது அச்சுத் தொழிலின்பாற் பட்டது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே இன்று நம் பள்ளிகளிலும் கோவில்களிலும் கைமாறும் சுரத்தாள்களின் பிழைகளுக்கு வேர் என்பது இக்கட்டுரையின் கருத்து. இசையாசிரியர்க்குரிய இப்பொருள் தமிழாசிரியர்க்கு எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். பிழைகளுட் பெரும்பாலன எழுத்திலக்கணத்தோடு தொடர்புடையன ஆதலின், அவற்றைக் கண்டறியும் தகுதி தமிழாசிரியர்க்கே மிகுதியாக உண்டு.

பெர்னாம் ஆற்றங்கரையில் அமைந்த ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத்தை ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதனை அடுத்த ஜெண்டராத்தா, டென்மார்க்கு நாட்டவர் முயற்சியால் 1906 ஆம் ஆண்டில் ரப்பர்த் தோட்டமாகத் தொடங்கப்பெற்றது. பேராக் மாநிலத்தின் பிற தோட்டங்களைப் போன்றே இப்பகுதியிலும் ரப்பர் மரங்கள் நின்ற நிலத்திற் பின்னர்ச் செம்பனை நின்றது. லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல நகரங்களை நாடின. தோட்டக் கோவிலிற் பஜனை பாடிய காலத்திற் பாட்டு ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் செவிக்குச் சென்றது. ஏடு இருந்தாலும் அது நினைவுக்குத் துணையாகவே இருந்தது. ஏட்டிற் பிழையிருப்பின் பக்கத்தில் அமர்ந்த முதியவர் குரல் அதனைத் திருத்தியது. அம்முதியவர் இல்லாத இடத்தில் இன்று தாளே ஆசிரியர். மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் போட்டிக்கு ஒரு மாணவி ஆயத்தமாகுங்கால், அவள் கையில் இருப்பது படியெடுத்த ஒரு தாளும் எங்கோ பதிவான ஓர் ஒலியுமே. தாள் பிழைபட்டால் அதனைத் திருத்துவார் அருகில் இலர். சுரக்குறிப்பின் அச்சு வடிவம் அழகு பற்றிய சிறு வினாவாக நின்றுவிடாமைக்குக் காரணம் இதுவே.

இசையை எழுத்தாற் குறிக்கும் வழக்கம் நமக்குப் புதிது அன்று. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசையை ஏழு நெடில்களாற் குறித்தனர் நம் முன்னோர். புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள குடுமியான்மலையிற் கி.பி. ஏழாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டு, கிரந்த எழுத்திற் சுரங்களை நந்நான்காகப் பிரித்து அடுக்கியுள்ளது. இடைவெளி என்பது வெற்றிடம் அன்று, அதுவும் ஒரு குறியே என்பதனை அக்கல்தச்சர் அறிந்திருந்தார். எட்டயபுரத்திலிருந்து சுப்பராம தீட்சிதர் 1904 இல் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி', கம்பிதம், நொக்கு, ஜாரு முதலிய அசைவுகளுக்குத் தனித்தனிக் குறி வகுத்ததோடு, அக்குறிகளின் பொருளையும் விளக்கிச் சென்றது. தெலுங்கெழுத்தில் அமைந்த அந்நூலைச் சென்னை மியூசிக் அகாதெமி 1961 முதல் தமிழெழுத்திற் பகுதி பகுதியாக வெளியிட்டது. அந்நூலுக்கு முன்னரே, 1890களில், சின்னசாமி முதலியார் கருநாடக இசைப் பாடல்களை மேலைநாட்டு ஐங்கோட்டு முறையில் அச்சிட்டார். இருவர் நெறியும் வேறு. எனினும் ஒரு குறிக்கு ஒரு பொருளே என்னும் கட்டுப்பாடு இருவருக்கும் பொது. நம் காலத்துச் சுரத்தாளில் நழுவிப்போனது அக்கட்டுப்பாடே.

முதற் பிழை புள்ளியிற் பிறக்கின்றது. மெலிவு, சமன், வலிவு என்னும் மூன்று தானங்களுள், வலிவுத் தானத்துச் சுரத்தை மேற்புள்ளியாலும் மெலிவுத் தானத்துச் சுரத்தைக் கீழ்ப்புள்ளியாலும் குறிப்பது அச்சு மரபு. தமிழெழுத்தின் தலையில் இடும் புள்ளிக்கோ இலக்கணத்தில் வேறு பொருள் உண்டு. உயிர் நீங்கிய மெய்யின் அடையாளம் அது. இலக்கணப் புள்ளி உயிரை நீக்குகின்றது. இசைப் புள்ளி குரலை உயர்த்துகின்றது. கணினியில் தட்டச்சு செய்வோர் வலிவுச் சுரத்துக்கு வேறு வழி காணாது மெய்யெழுத்தையே இட்டுவிடுகின்றனர். ச, க, ம, ப, த என்னும் ஐந்தும் ச், க், ம், ப், த் என அமைந்துவிடும். ரி, நி என்னும் இரண்டும் அதற்கு இடந்தாரா. உயிர்மெய்யின் இகரக் குறிக்குப் பின்னர்ப் புள்ளி வருதல் தமிழில் இல்லை; ஆதலின் எழுத்துருக்கள் பலவும் அதனைப் பிழையெனக் கொண்டு, எழுத்தை அடுத்து ஒரு புள்ளி வட்டத்தைக் காட்டுகின்றன. அவ்வட்டம் கண்ணை உறுத்தவே, தட்டச்சு செய்வோர் புள்ளியை நீக்கிவிடுகின்றனர்.

விளைவு யாது? மோகன இராகத்தில் ஆதி தாளத்துக்கு அமைந்த பயிற்சி வரி ஒன்றைக் காண்க:

க ப த ச் | ரி க் | ரி ச் ||

இவ்வரியில் நான்காம் எழுத்து முதல் இறுதி வரை அனைத்தும் வலிவுத் தானத்துக்கு உரியவை. ரி இரண்டும் புள்ளியின்றி நிற்றலால், எழுதியவாறே பாடும் மாணவன் இரண்டு இடங்களிற் சமன் தானத்துக்கு விழுந்து மீண்டும் எழுவான். கற்றவர் குறிப்பறிந்து திருத்திப் பாடுவர். கல்லாதவர்க்கன்றோ தாள் வேண்டும்? பாட்டு உயர்ந்து செல்லும் அனுபல்லவியிலேயே இப்பிழை மிகுதியாக நேர்வதால், பாட்டின் உயிர்ப்பான இடமே சிதைகின்றது. படியெடுக்குந்தோறும் புள்ளி மங்குவதும் தூசு புள்ளியாவதும் வேறு தீங்குகள். பனையோலையிற் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அதனை விட்டெழுதிய பழந்தமிழர் நிலைக்கு நாம் மீண்டும் வந்துள்ளோம். ஓலையைப் படித்தவர்க்கு மொழியறிவு துணைநின்றது. சுரத்தாளைப் படிக்கும் சிறுவனுக்கு அத்தகைய துணை இல்லை.

இரண்டாம் பிழை மாத்திரையிற் பிறக்கின்றது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்னும் எழுத்திலக்கணமே சுரக்குறிப்புக்கும் அடிப்படை. ச என்பது ஓரளவு. சா என்பது ஈரளவு. மேலும் நீளுமிடத்துக் காற்புள்ளி ஓரளவையும் அரைப்புள்ளி ஈரளவையும் காட்டும். இசையில் எழுத்துகள் தமக்குரிய அளவைக் கடந்து நீளும் என்பதனைத் தொல்காப்பிய நூன்மரபே ஏற்றுக்கொண்டுள்ளது. அவ்வாறு நீளும் அளவைத் தாளில் எண்ணிக் காட்டுவதே சுரக்குறிப்பின் வேலை.

சா ரி க | பா | த ப ||

இவ்வரியில் லகுவுக்கு நான்கு, திருதங்களுக்கு இரண்டிரண்டு என எட்டும் நிறைவுற்றன. முதலெழுத்தின் கால் ஒன்று விடுபட்டால் லகு மூன்றாகிவிடும். தாளம் தட்டும் கை அங்கேயே இடறும். ஒரு கால் விடுபடுதல் உரைநடையில் எழுத்துப் பிழை. சுரக்குறிப்பில் அது தாளப் பிழை. உரைநடைக்கென ஆக்கப்பட்ட சொற்செயலிகள் காற்புள்ளிக்கு முன்னுள்ள இடைவெளியைத் திருத்த முனைவதும், வரியின் இரு ஓரங்களையும் சமன் செய்யச் சொற்களைப் பரப்புவதும், தாளக்கோட்டை அடுத்த வரிக்குத் தள்ளுவதும் உண்டு. அவை உரைநடைக்கு அழகு செய்யலாம். சுரக்குறிப்புக்குக் கேடே செய்யும்.

மூன்றாம் பிழை சுரமும் பாட்டுச் சொல்லும் இணையுமிடத்து நேர்வது. சுரவரிக்குக் கீழே சொல்லின் அசைகள் நேர்நேராக நிற்றல் வேண்டும். இடைவெளிப் பொத்தானை மீண்டும் மீண்டும் தட்டி அவற்றை நேராக்குவதே பெருவழக்கு. ரி, கா, நீ என ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வோர் அகலமுடையது ஆதலின், எழுத்துருவை மாற்றிய அளவிலேயே அந்நேர் குலைந்துவிடுகின்றது. ஓர் ஊரில் தட்டிய தாள் மற்றோர் ஊரிற் கணினித் திரையில் சரிந்து கிடப்பது இதனாலேயே. கட்டங்களாக அமைத்த அட்டவணையில் ஒரு கட்டத்துக்கு ஓர் அளவு என இட்டால் இத்தொல்லை பெரும்பாலும் தீரும்.

இப்பிழைகளுக்கெல்லாம் மேலைநாட்டு இசை அச்சுத் துறை கண்ட ஒரு வழி நம் கருத்துக்கு உரியது. நெதர்லாந்து நாட்டு இசைஞர்களான ஹான்-வென் நீன்ஹைஸ், யான் நியூவென்ஹைசன் இருவரும் 1996 இல் தொடங்கிய லிலிபாண்ட் என்னும் கட்டற்ற மென்பொருளில், பயனர் படம் வரைவதில்லை. வெறும் எழுத்துக் கோப்பில் சுரத்தின் பெயரையும் அளவையும் சொல்லின் அசையையும் எழுதுகின்றார். கோடும் இடைவெளியும் வரி முறிப்பும் மென்பொருளின் பொறுப்பு. தாள எல்லையில் நேர்கோடு ஒன்றை எழுதி வைத்தால், அளவு மிகினும் குறையினும் மென்பொருள் எச்சரிக்கும். மேற்காட்டிய ஒரு கால் பிழையைச் சிறுவன் பாடி இடறுவதற்கு முன்னரே அது காட்டிவிடும். ஒவ்வோர் அசையும் ஒவ்வொரு சுரத்தோடு பிணைக்கப்படுவதால், எழுத்துரு மாறினாலும் நேர் குலையாது.

இதனைத் தமிழுக்குப் பயன்படுத்துவோர் சில தடைகளை முன்னறிதல் நலம். கோப்பை ஒருங்குறியிற் சேமித்துத் தமிழ் எழுத்துரு ஒன்றைப் பெயர் சுட்டிக் குறிப்பிடுவது எழுத்துகள் கட்டங்களாகத் தோன்றும் தொல்லையைத் தவிர்க்கும். சொல்லைப் பிரிக்கும் இரட்டைச் சிறுகோட்டின் இருபுறமும் இடைவெளி வேண்டும். அது விடுபட்டால் முழுச்சொல்லும் ஒரே அசையாகி, பின்வரும் அசைகள் யாவும் முன்னேறி நிற்கும். வணக்கம் என்பதனை வ, ணக், கம் என மூன்றாகப் பிரித்தல் வேண்டும். எழுத்தெழுத்தாகப் பிரித்தால் மெய்க்கும் ஒரு சுரம் போய்விடும். ஓரசை பல சுரங்களில் நீளுமிடத்து அச்சுரங்களை வளைகோட்டாற் பிணைத்தல் வேண்டும். இவற்றினும் நுண்ணிய இடர் ஒன்று உண்டு. நம் மரபில் நீட்டத்தைக் காட்டும் காற்புள்ளி, அம்மென்பொருளிற் சுரத்தை ஒரு தானம் கீழே இறக்கும் குறி. பழக்கத்தாற் காற்புள்ளியைச் சுரத்தோடு ஒட்டி இட்டவர் நீட்டத்தை நாடி வீழ்ச்சியைப் பெறுவர். ஒரு குறிக்கு இரு பொருள் என்னும் பழைய நோயே ஈண்டும் வேறுருவில் வருகின்றது.

இம்மென்பொருளைக் குறையற்றது என்று போற்றுதலும் ஆகாது. ஐங்கோட்டு முறையில் நிலையான ஒலிகளே தலைமை பெறுகின்றன. அசைந்து நிற்கும் காந்தாரத்தை ஒரு புள்ளியில் நிறுத்தினால் அது காந்தாரத்தின் பெயரையே காட்டும், உருவத்தைக் காட்டாது. சுப்பராம தீட்சிதர் தனிக்குறிகளை நாடியதன் காரணத்தை இதனால் உணரலாம். ஆகவே நாம் கடன் கொள்ளத் தக்கது அந்த ஐந்து கோடுகளை அன்று. பொருளை முதலில் எழுதி, வடிவத்தைப் பின்னர் அமைக்கும் ஒழுங்கையே. தமிழைக் கணினியில் ஏற்றும் பணியில் மலேசியர் பின்தங்கியவர் அல்லர். முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் இந்நாட்டிற் பிறந்தது. 2001 இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. உரைநடைக்குச் செய்த அப்பணி சுரக்குறிப்புக்கும் நீளுதல் வேண்டும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, இசை கேள்வியால் வருவது என்பார் உளர். கேள்வியே தலையாயது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கேட்பிப்பார் அருகிய ஊரில் ஏட்டையும் பிழைபட விடுவது, இருக்கும் ஒரு விளக்கையும் அணைப்பதாகும். தமிழாசிரியர் ஒருவர் மென்பொருள் எதனையும் கற்காமலேயே இன்று செய்யத்தக்கவை மூன்று உள. வலிவுத் தானத்துக்கு மெய்யெழுத்தை விலக்கி, ச' ரி' நி' என ஏழெழுத்துக்கும் ஒன்றுபோற் பொருந்தும் மேற்குறியை இடலாம். தமிழெழுத்தின் கீழ் வேறு பொருளுடைய புள்ளி இன்மையால் மெலிவுக்குக் கீழ்ப்புள்ளியே தகும். தாளின் தலையில் எல்லாக் குறிகளுக்கும் பொருள் எழுதலாம். படியெடுக்குமுன் ஒவ்வோர் ஆவர்த்தத்தையும் குறில் ஒன்று, நெடில் இரண்டு என விரல்விட்டு எண்ணலாம். யாப்பில் அடிதோறும் சீர் எண்ணிப் பழகிய கைகளுக்கு இது புதிய வேலை அன்று.