பேனலைக் குளிரவைத்தால் லாபமா?

சோலார் பேனல் மீது விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதியில் பெரும்பகுதி பேனலையே சூடேற்றுகிறது; சூடு ஏற ஏற மின்சாரம் குறைகிறது. அந்தச் சூட்டை இறக்கி, வெந்நீருக்கும் பயன்படுத்தினால் இரட்டை லாபம் என்கிறார்கள். அது உண்மையா என்பது பெங்களூர் ஸ்ரீராம்புரத்துக்கு முக்கியமான கேள்வி. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இந்தப் பேட்டையில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி போக மிஞ்சும் இடம் கொஞ்சம்தான்.

முதலில் இழப்பு எவ்வளவு என்று பார்ப்போம். பேனலின் திறனை 25 டிகிரியில் சோதித்துத்தான் எழுதுகிறார்கள். ஏப்ரல் உச்சிவெயிலில் இங்கே பேனல் 60 டிகிரியைத் தொடும். வழக்கமான பெர்க் வகைப் பேனல் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.35 சதவீதம் இழக்கும். மொத்தம் 12 சதவீதம். ஆனால் பெங்களூர் சென்னை அளவுக்குச் சுடும் ஊரல்ல. டிசம்பரில் இழப்பு இதைவிடக் குறைவு.

தண்ணீர் தெளித்தால்? 3 கிலோவாட் அமைப்பை உச்சிவேளை நான்கு மணி நேரம் 20 டிகிரி குளிரவைத்தால் முக்கால் யூனிட் அளவுக்குக் கூடுதலாகக் கிடைக்கலாம். அதற்கு ஆவியாகும் தண்ணீர் மட்டுமே பல லிட்டர் ஆகும். வழிந்தோடுவதும் பம்பின் மின்செலவும் தனி. 2024 மார்ச்சில் குடிநீரால் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்த ஊர் இது. காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பம்ப் செய்யப்பட்டு மேடேறி வருகிறது. அதைக் கண்ணாடி மேல் தெளிப்பதை என்னால் ஏற்க முடியாது. போர் தண்ணீர் என்றால் வேறு தொல்லை: ஒவ்வொரு துளியும் காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்பு வட்டம் விழும். நாளடைவில் அது இறுகி, தேய்த்தாலும் போகாமல் வெயிலை மறைக்கும்.

வீணாகும் சூட்டிலிருந்து மின்சாரம் எடுப்பது அதைவிட மோசம். பேனல் 55 டிகிரி, காற்று 30 டிகிரி என்றால் இயற்பியல் அனுமதிக்கும் உச்சவரம்பே 8 சதவீதத்துக்குக் கீழே. நடைமுறையில் அதில் ஐந்தில் ஒரு பங்கு தேறுவதே அரிது.

உண்மையான போட்டி, பேனலின் முதுகில் குழாய் ஓட்டி மின்சாரமும் வெந்நீரும் சேர்த்து எடுக்கும் பிவிடி முறைக்கும் தனி வெந்நீர்க் கருவிக்கும் இடையில்தான். பிவிடியின் சிக்கல் உள்ளுக்குள்ளேயே இருக்கிறது. பேனல் குளிர வேண்டுமானால் குளிர்ந்த நீர் ஓட வேண்டும். நீர் 60 டிகிரிக்குப் போக வேண்டுமானால் பேனலும் அதற்கு மேல் சுட வேண்டும். 40 டிகிரியில் நிறுத்தினால் இரண்டும் ஓரளவு நிறைவேறும். ஆனால் நம் வீடுகளில் குளிப்பது காலையில். மதியம் சேர்த்த வெதுவெதுப்பான நீர் டிசம்பர் இரவைத் தாண்டி விடியும்போது குளிக்கும் சூட்டில் இருக்காது. கீசரைப் போட வேண்டியதுதான். பெங்களூர் மாடிகளில் பல்லாண்டுகளாக உழைக்கும் சூரிய வெந்நீர்க் கருவியோ, 100 லிட்டருக்குச் சுமார் 2 சதுர மீட்டர் இடம்தான் கேட்கிறது.

ஆகவே ஸ்ரீராம்புரத்து வீட்டுக்கு என் தீர்ப்பு: வெந்நீர்க் கருவி தனியாகவே இருக்கட்டும். பேனலைத் தளத்தோடு ஒட்டவிடாமல் தூக்கி வைத்து, அடியில் காற்று ஓடவிடுங்கள். புதிதாக வாங்கினால் ஹெச்ஜேடி வகையை விசாரியுங்கள், டிகிரிக்கு 0.26 சதவீதம் அளவில்தான் இழக்கும். விலை வித்தியாசம் கட்டுப்படியாகும்பட்சத்தில், தண்ணீரும் பம்பும் இல்லாமலே உச்சிவெயிலில் 3 சதவீதம் மிச்சமாகும். பிவிடியை விடுதி, மருத்துவமனை, சலவைக்கூடம் போல பகலெல்லாம் வெந்நீர் செலவாகும் இடங்களுக்குச் சிபாரிசு செய்வேன். அங்கே வெதுவெதுப்பான நீரைக் கொதிகலனுக்குள் விட்டாலே எரிபொருள் மிச்சம்.