சூலையும் சொல்லும்: திருவதிகைப் பதிகம் – ஒரு நோக்கு

திருநாவுக்கரசர் திருவதிகையில் பாடிய பதிகம் நான்காம் திருமுறையின் முதற்பதிகமாக வைக்கப்பட்டுள்ளது. கொல்லிப் பண்ணில் அமைந்த இதனை நோய் தீர்க்கும் பதிகமாகவே நம்மவர் ஓதி வருகின்றனர். வகுப்பறையிலும் நாம் அவ்வாறே கற்பிக்கின்றோம். ஆயின், பதிகத்தின் பத்துப் பாடல்களுள் ஒன்றிலேனும் நோய் தீர்ந்தது என்னும் செய்தி இல்லை. இதனை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை.

பதிகத்துள் சூலை வெறும் நோய்ப்பெயராக நிற்கவில்லை. அது குடரைப் பற்றி முறுக்குகின்றது, சுடுகின்றது, உள்ளிருந்து தின்கின்றது. வலியைச் செயல்புரியும் பகையாகக் காட்டும் இவ்வினைகளே பதிகத்தின் உயிர். பாடுவோர் தம் முற்பிழையை ஒப்புக்கொள்கின்றார். எனினும் ஆட்பட்ட பின்னரும் வலி ஓயாமையை முறையிடுகின்றார். அண்டியோர் துயர் களைவது பெரியோர் கடமை என நினைவூட்டுகின்றார். அன்பரின் நிலை இத்தகையதெனில் தம்மைப் போன்றோர் இனி இறைவனை நம்புதல் அரிது என ஒன்பதாம் பாடலில் துணிந்து கூறுகின்றார். பத்தாம் பாடலிலும் அவர் வலியால் துடித்துக்கொண்டே இருக்கின்றார்.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இவ்வரலாற்றை விரிக்கும்போது, பதிகம் முடிந்ததும் சூலை நீங்குகின்றது. தமக்கு வாழ்வளித்த அச்சூலைக்குக் கைம்மாறு யாது என நாவுக்கரசர் நெகிழ்கின்றார். நோய் தீர்ந்தமையை நாவுக்கரசரே ஆறாம் திருமுறையில் குறித்துள்ளமையால், சேக்கிழார் கூற்றை மறுப்பதற்கில்லை. ஆயினும் வலிக்கு நன்றி கூறுவது நலம் பெற்றபின் பிறக்கும் மொழி. பதிகமோ நலம் பெறுமுன் பிறந்த மொழி. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பதிகத்தின் ஆற்றலைக் குறைத்துவிடும்.

இவ்வேறுபாடு இலக்கியத்தோடு நிற்பதன்று. மூன்று திங்களுக்கு மேல் நீடிப்பதை மருத்துவர் நாட்பட்ட வலி என்பர். பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2020ஆம் ஆண்டில் வலியின் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தம் வலியைப் பற்றிக் கூறுவது மதிக்கப்படவேண்டும் என்றும் குறித்தது. அத்தகையோரிடம் ‘எல்லாம் நன்மைக்கே’ என முந்திக்கொண்டு கூறுவது ஆறுதலாகாது. பதிகம் தரும் ஆறுதல் வேறு. முறையிடுவதற்கு ஒருவர் உளர் என்பதும், வலியினூடேயும் சொல் ஒழுங்குபெற்றுப் பண்ணாதல் கூடும் என்பதுமே அது. பொருள் காண்பதற்கு நோய் தீரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை.

எனவே, இதனைக் கற்பிக்குங்கால் பதிகத்தை முதலிலும் புராணத்தைப் பின்னரும் வைத்தல் தகும் என்பது நம் கருத்து. கேட்டிருப்போருள் வலி இன்னும் தீராதோரும் இருத்தல் கூடும்.