பட்டமும் பணிவும்

கஸுவோ இஷிகுரோ 1989-இல் வெளியிட்ட 'தி ரிமெயின்ஸ் ஆஃப் தி டே' நாவலை ஆங்கிலப் பிரபுக்களின் கதை என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. பிரபுவின்முன் குனிந்து நிற்பவரின் கதை அது.

யூதர் என்பதன்றி வேறு குற்றமறியாத இரு பணிப்பெண்களை நீக்குமாறு டார்லிங்டன் பிரபு பணிக்கிறார். தலைமைப் பணியாளர் ஸ்டீவன்ஸ் மறுசொல்லின்றி நிறைவேற்றுகிறார். தமக்கும் அது வேதனையே என்று காலங்கடந்து கூறுகிறார். அன்று ஏன் மறைத்தீர் என மிஸ் கென்டன் கேட்கும் வினாவுக்கு அவரிடம் தக்க விடையில்லை. பிரபுவிடம் ஆசிரியர் இரக்கத்தைச் சற்று மிகுதியாகவே காட்டிவிட்டார் என்பது நம் குறை.

1956-இல் ஸ்டீவன்ஸ் மேற்கொள்ளும் பயணத்தில் பெட்ரோலின்றிக் கார் நின்றுவிடுகிறது. தங்க இடமளித்த கிராமத்தார் அவருடைய உடையையும் பேச்சையும் கண்டு, அவரையே பெருங்குடிப் பிறந்தவராக எண்ணி உபசரிக்கின்றனர். அவரும் மறுத்தாரில்லை! உயர்குடிப் பெருமை காண்போர் கண்ணில் குடியிருப்பதை இதனினும் நயமாக எவர் உரைப்பார்?

1999-ஆம் ஆண்டுச் சட்டம் பரம்பரைப் பிரபுக்களுள் மிகப் பெரும்பாலோரை மேலவையினின்று அகற்றியது, பட்டங்களைத் தொடவில்லை. இஷிகுரோவுக்கே 2018-இல் 'சர்' பட்டம் வழங்கப்பெற்றது. அது பிரபுப் பட்டமன்று என்பது மெய்யே; ஆயினும் ஸ்டீவன்ஸ் கேட்டிருந்தால் எத்துணை பூரித்திருப்பார்!