மாக்கள் யார்? மரபியலின் இரண்டு கணக்குகள்

போர்ஹேஸ் இட்டுக்கட்டிய ஒரு சீனக் கலைக்களஞ்சியத்தின் விலங்குப் பட்டியலைப் படித்துச் சிரித்ததிலிருந்துதான் தன் புத்தகம் பிறந்தது என்று ஃபூக்கோ 1966இல் எழுதினார். அந்தச் சிரிப்பை நம் கோட்பாட்டாளர்கள் பலமுறை தமிழில் சிரித்துக் காட்டியாகிவிட்டது. ஆனால் நம் கைக்கெட்டும் தூரத்தில், தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி இயலில், நிஜமான ஒரு விலங்குப் பட்டியல் கிடக்கிறது. அதைத் திறந்து பார்ப்பவர்கள் புலவர் வகையறாதான். அவர்களும் ஆறறிவு நூற்பாக்களை மட்டும் உருவிக்கொண்டு மேடையேறி, 'டார்வினுக்கு ஈராயிரம் ஆண்டு முந்தியே நம்மாள் சொல்லிவிட்டார்' என்று முழங்கிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். மரபியலை முழுசாக ஒரு பிரதியாக வைத்து வாசித்தால் இந்தப் பெருமை என்ன ஆகும் என்பதுதான் இங்கே கேள்வி.

இயல் எதில் தொடங்குகிறது? இளமைப் பெயர்களில். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது. அடுத்து எந்த உயிருக்கு எந்தப் பெயர் என்ற கணக்கு வருகிறது. பறப்பவற்றின் குஞ்சுக்குரிய பார்ப்பும் பிள்ளையும் ஊர்வனவற்றுக்கும் ஆகும். கீரி, காட்டுப்பூனை, எலி, அணில் ஆகியவற்றுக்குக் குட்டி. நாய், பன்றி, புலி, முயல் நான்குக்கும் குருளை. இந்த நான்கையும் உடலை வைத்து ஒன்று சேர்க்க முடியுமா? பன்றிக்குக் குளம்பு, புலிக்கு நகம். முயல் புல் தின்னும், புலி முயலையே தின்னும். இவற்றைச் சேர்த்து வைப்பது ஜனங்களின் பேச்சு ஒன்றுதான். தலைப்பே 'மரபு' என்றுதானே இருக்கிறது! இலக்கணக்காரர் இங்கே உயிரை வகைப்படுத்தவில்லை, உயிரைப் பற்றிய சொல்லை வகைப்படுத்துகிறார். அதனால்தான் பட்டியல் நெகிழ்ந்துகொண்டே போகிறது. குட்டிக்குப் பதில் பறழ் என்றாலும் தப்பில்லை. குதிரையின் குட்டி மறியும் ஆகும், கன்றும் ஆகும். குருளை எனப்பட்டவற்றைப் பிள்ளை என்றும் சொல்லலாம், நாயைத் தவிர. நாய்க்கு மட்டும் ஏன் விலக்கு? காரணம் சொல்லப்படவில்லை. வழக்கு அப்படி, அவ்வளவுதான்.

இந்தப் பட்டியலில் மனிதக் குழந்தை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதற்கு உரியவை இரண்டே பெயர்கள்: குழவி, மகவு. குழவி என்பது யானைக்கும் பசுவுக்கும் எருமைக்கும் உண்டு. மகவு குரங்குக்கும் உண்டு. குரங்குக்கோ குட்டி, மகவு, பிள்ளை, பறழ், பார்ப்பு என்று பல பெயர். போதாததற்குப் பிள்ளை, குழவி, கன்று, போத்து என்ற பெயர்கள் செடிகொடிகளுக்கும் பொருந்தும் என்கிறது இன்னொரு நூற்பா. ஆக, மனிதக் குழந்தைக்கென்று தனிச்சொத்தாக ஒரு பெயர்கூடக் கிடையாது. யானையிடமும் குரங்கிடமும் மரத்திடமும் பங்கு போட்டுக்கொண்டுதான் அது பெயர் பெறுகிறது. இதை யாராவது மேடையில் சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

மேடைக்குப் போவது அடுத்து வரும் பகுதி. இங்கே கணக்கு மாறிவிடுகிறது. உடல், நாக்கு, மூக்கு, கண், காது, மனம் என்று பொறிகளை ஒவ்வொன்றாகக் கூட்டி ஓர் ஏணி கட்டப்படுகிறது. புல்லும் மரமும் ஓரறிவு, நந்தும் முரளும் ஈரறிவு, கறையானும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நாலறிவு. ஐந்தாவது படியில் விலங்குகளோடு 'மாக்கள்' நிற்கிறார்கள், ஆறாவதில் 'மக்கள்'. ஒரு நெடிலுக்கும் குறிலுக்கும் இடையில் மனித இனத்துக்குள்ளேயே கோடு விழுந்துவிட்டது. மாக்கள் என்றால் மன உணர்வு இல்லாத மனிதர் என்பது உரைமரபு. சங்கப் பாடல்களிலோ அந்தச் சொல் எப்போதும் வசைச் சொல்லாக வருவதில்லை. இரவலரைச் சுட்டச் சாதாரணமாக வந்து போகிறது. பேச்சில் புழங்கிய ஒரு சொல்லை எடுத்து ஏணியின் ஒரு படியாக அடித்து வைத்தது இந்த நூற்பாதான்.

இந்த ஏணி தமிழருக்கு மட்டும் உரியதும் அல்ல. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரத்தில் புழு, எறும்பு, வண்டு, மனிதன் என்று இதே வரிசை, இதே பொறிக்கணக்கு இருக்கிறது. தொல்காப்பியர் சமணர் என்று வாதிட்ட வையாபுரிப்பிள்ளைக்கு இது நல்ல சான்றாயிற்று. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சமணர் பொறிகளை எண்ணியது எதைக் கொல்லாமல் இருப்பது, எவ்வளவு கொல்லாமல் இருப்பது என்று தீர்மானிக்க. மனமுள்ள ஐம்பொறி உயிர்களில் விலங்குகளையும் அவர்கள் சேர்த்தார்கள். தொல்காப்பியத்திலும் விலங்குகளில் ஒருசாரார் ஆறறிவினர் என்று ஒரு நூற்பா சில பதிப்புகளில் நிற்கிறது. ஏணியை வைத்துக் கருணையும் பேசலாம், கீழே தள்ளவும் செய்யலாம். டார்வினோடு மட்டும் இதற்குச் சம்பந்தமில்லை. 1859இல் அவர் வைத்தது கிளைவிடும் மரம், ஏணி அல்ல. எறும்பு பாதியில் நின்றுபோன நண்டு அல்ல. பெரும்பாலான எறும்புகளுக்குக் கண்ணும் உண்டு. இன்றைய உயிரியல் கிளைவழியைப் பார்த்து முதலையைப் பல்லியைவிடப் பறவைக்குப் பக்கத்தில் வைக்கிறது, திமிங்கிலத்தை நீர்யானைக்குப் பக்கத்தில் வைக்கிறது. தோற்றத்தை மட்டும் பார்க்கிற கண்ணுக்கு இரண்டுமே கிறுக்குத்தனமாகத்தான் படும்.

இனி மேடையில் யாரும் தொடாத இடம். ஆண்பாற்பெயரும் பெண்பாற்பெயரும் முடிந்தன. களிறு, பிடி, கடுவன், மந்தி எல்லாம் சொல்லியாயிற்று. உடனே அந்தணர், அரசர், வைசிகர், வேளாண் மாந்தர் வந்துவிடுகிறார்கள். அது முடிந்ததும், வெளியே வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம் என்று தாவரக் கணக்கு. விலங்குக்கும் புல்லுக்கும் நடுவில் நால்வருணம். இது இடைச்செருகல் என்று பலர் ஒதுக்கியிருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் செருகியவனுக்கு இந்த இடம்தான் தோதாக இருந்தது என்பதே பேசவேண்டிய விஷயம். கடுவனுக்கும் மந்திக்கும் உடலில் வேறுபாடு தெரிகிறது. அந்தணனுக்கும் வேளாளனுக்கும் உடலில் என்ன வேறுபாடு காட்டுவது? அதனால் அந்தணனுக்கு நூல், கரகம், முக்கோல், மணை. அரசனுக்குப் படை, கொடி, குடை, முரசு. உழவனுக்கு உழுதுண்பதைத் தவிர வேறில்லை. உடல் கைகொடுக்காத இடத்தில் பண்டபாத்திரங்கள் அவயவங்கள் ஆகிவிடுகின்றன. கொம்பும் வாலும் இருக்கவேண்டிய கட்டத்தில் குடையும் கரகமும்.

இது நம்மூர்க் கோளாறு மட்டும்தானா? நவீன வகைப்பாட்டின் தந்தை எனப்படும் லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட பத்தாம் பதிப்பில் செய்தது என்ன? அதுவரை நாற்காலிகள் எனப்பட்ட விலங்குகளுக்குப் பாலூட்டிகள் என்று பெயர் மாற்றினார். ரோமம், காதுக்குள் மூன்று எலும்பு என்று வேறு பொது அடையாளங்கள் இருக்க, பெண்ணிடம் மட்டும், அதுவும் சிறிது காலமே செயல்படும் முலையை ஏன் தேர்ந்தெடுத்தார்? பிள்ளைக்குச் செவிலித்தாயர் பால் கொடுப்பதைக் கண்டித்து அவர் 1752இல் எழுதியிருந்ததோடு இதைப் பொருத்திக் காட்டினார் லோண்டா ஷீபிங்கர், 1993இல். வீட்டுக்குள் பெண் எங்கே இருக்கவேண்டும் என்ற ஆணையின் கவலை ஒரு விலங்கு வகுப்பின் பெயராகிவிட்டது. பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து வாத்தலகி வந்தது. 1799இல் அதை விவரித்த ஜார்ஜ் ஷா, யாரோ அலகை ஒட்டவைத்த மோசடியோ என்று சந்தேகப்பட்டார். அது முட்டையிடுகிறது என்று உறுதிப்பட 1884 ஆயிற்று. பால் உண்டு, முலைக்காம்பு இல்லை. பட்டியலுக்கு அடங்காத உயிரை மோசடி என்பது பட்டியல்காரனின் முதல் பதில்.

அதே பதிப்பில் லின்னேயஸ் மனிதரை நாலாகப் பிரித்தார். தோல் நிறத்தோடு உடுப்பும் ஆட்சிமுறையும் அதில் சேர்ந்தன. ஐரோப்பியனுக்கு இறுக்கமான உடை, சட்டத்தின் ஆட்சி. ஆசியனுக்குத் தளர்ந்த உடை, அபிப்பிராயத்தின் ஆட்சி. அமெரிக்கப் பழங்குடிக்கு உடம்பில் வர்ணம், வழக்கத்தின் ஆட்சி. ஆப்பிரிக்கனுக்கு உடம்பில் கொழுப்பு, மனம்போன போக்கே ஆட்சி. குடையும் கரகமும் செய்த வேலையை இங்கே சட்டையும் சட்டமும் செய்கின்றன. விலங்குவரை உடலை எண்ணியவர்கள் மனிதனிடம் வந்ததும் அதிகாரத்தை எண்ணுகிறார்கள், ஆனால் உடலை எண்ணுகிற அதே குரலில்.

அந்தக் குரல் சென்னைக்கும் வந்து சேர்ந்தது. 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1890இல் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பையும் கடல் உயிர்களையும் பற்றி எழுதியவர். அதே ஆள், அதே அருங்காட்சியகம். பிறகு அளவுகோல் மனிதத் தலைக்கும் மூக்குக்கும் திரும்பியது. மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஒரு எண் கிடைக்கும். மூக்கு அகல அகலச் சமூகத் தகுதி குறையும் என்று வங்காளத்தை வைத்து விதி சொன்னவர் ரிஸ்லி. தர்ஸ்டனின் மூக்குக் கணக்குகள் 1909இல் ரங்காச்சாரியின் துணையோடு வந்த ஏழு தொகுதிகளில் சாதிப் பெயர்களின் அகரவரிசையில் உட்கார்ந்தன. மரபியல் குடையையும் கரகத்தையும் தேடிப் போன இடத்தில் இவர்கள் மூக்கைக் கண்டுபிடித்தார்கள். இப்போது வருணத்துக்கு உடம்பும் கிடைத்துவிட்டது.

மரபியலில் ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. ஒன்று பேச்சின் கணக்கு: பெயர்கள் உயிருக்கு உயிர் தாவும், விலக்கு வரும், மனிதக் குழந்தைக்குத் தனிப்பெயர் இருக்காது. இன்னொன்று ஏணியின் கணக்கு: படிகள் தாவாது, கீழே நிற்பவர் கீழேயே நிற்கவேண்டும். நம் பெருமைக்காரர்கள் தூக்கிக் கொண்டாடுவது இரண்டாவதை. அதற்கு அறிவியல் என்று பெயர் சூட்டியபின், ஐந்தாம் படியில் நிற்கும் மாக்கள் யார் என்று கேட்பதே நாகரிகமில்லாத கேள்வி ஆகிவிடுகிறது. ஊருக்கு வெளியே குடிவைக்கப்பட்டவன் அந்தக் கேள்வியைக் கேட்டால் புலவர்கள் என்ன சொல்வார்கள்? இடைச்செருகல் என்பார்களா?