வாயைக் கட்டுவது யார்?

சித்தப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவரிடம் சொல்வது ஒன்றுதான்: "கொஞ்சம் வாயக் கட்டுங்க." ராபர்ட் கென்னரின் 'ஃபுட், இன்க்.' (2008) ஆவணப்படத்தை இரண்டாவது தடவை பார்த்தபோது அந்தக் குரல்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அமெரிக்க உணவுத் தொழிலின் உள்ளறைகளைத் துணிச்சலாகத் திறந்து காட்டிய படம் அது. ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. ஆனால் முடிகிற நேரத்தில் அதுவும் நம்மை வாயக் கட்டச் சொல்லிவிட்டுப் போகிறது. என் வருத்தம் அதுதான்.

படத்தில் ஒரு உழைக்கும் குடும்பம் வருகிறது. காரில் இருந்தபடியே மலிவு பர்கர் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். பிறகு சூப்பர் மார்க்கெட்டில் ப்ரோக்கோலியின் விலையைப் பார்த்துவிட்டுத் தயங்குகிறார்கள். சின்னப் பெண் ஆசைப்படும் பேரிக்காயும் கட்டுப்படியாகவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை. கையிலிருக்கும் காசு மருந்துக்கா, காய்க்கா என்பதுதான் அவர்கள் முன்னால் நிற்கும் கேள்வி.

காயைவிட பர்கர் எப்படி மலிவானது? மக்காச்சோளத்துக்கு அரசு தரும் மானியத்தைப் படம் சுட்டுகிறது. அந்தச் சோளம்தான் மாட்டுக்கும் கோழிக்கும் தீனி. குளிர்பானத்துக்கு இனிப்புப் பாகு. ஆக, அந்தக் குடும்பம் கடைக்குள் நுழையும் முன்பே அவர்களுடைய சாப்பாட்டில் பாதி வாஷிங்டனில் முடிவாகிவிட்டது.

இன்னொரு காட்சி. பார்பரா கோவால்சிக்கின் மகன் கெவின் 2001இல், இரண்டரை வயதில், ஈ.கோலை கிருமி தொற்றி இறந்துபோனான். இறைச்சிப் பாதுகாப்புக்குச் சட்டம் கேட்டு அந்த அம்மா அலைகிறார். 'இப்போது நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள்?' என்று கேட்டால் மட்டும் பதில் சொல்ல மறுக்கிறார். உணவுப் பொருளைக் குறைசொல்லிப் பேசினால் வழக்குப் போட அங்கே சில மாநிலங்களில் சட்டம் இருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கே வாய்க்கட்டு! படத்தின் உச்சம் என்று நான் நினைப்பது இந்த மௌனத்தைத்தான்.

இவ்வளவையும் காட்டிய படம் எப்படி முடிகிறது? ஒரு நாளைக்கு மூன்று வேளை நீங்கள் ஓட்டுப் போடுகிறீர்கள், லேபிளைப் படியுங்கள், ஆர்கானிக் வாங்குங்கள் என்று திரையில் அறிவுரைகள் வருகின்றன. கெவின் பெயரிலான சட்டத்தைக் கேட்டு வாங்கச் சொல்லும் வரியும் உண்டுதான். ஆனால் பட்டியலைத் தொடங்கி வைப்பது நம்முடைய பர்ஸ்.

வாடிக்கையாளர் கேட்டால் கடை மாறும் என்பதற்கு, வால்மார்ட் ஆர்கானிக் தயிர் விற்க வந்ததைப் படம் சாட்சியாக வைக்கிறது. சரி, மாறட்டும். ஆனால் பேரிக்காயே வாங்க முடியாத சிறுமிக்கு அந்தத் தயிர் எட்டுமா? ஓட்டு என்றால் ஆளுக்கு ஒன்று. பர்ஸ் கனத்துக்குத் தக்கபடி எண்ணிக்கை கூடினால் அதற்குப் பெயர் ஓட்டு இல்லை.

இருந்தாலும் படத்தைப் பாருங்கள். அது திரட்டி வைத்திருக்கும் சாட்சியங்கள் அதன் முடிவுரையைவிடப் பெரியவை.

சித்தப்பா நைட் ஷிப்ட் பார்க்கிறவர். ராத்திரி ரெண்டு மணிக்குக் கம்பெனி வாசலில் திறந்திருப்பது ஒரு பரோட்டாக் கடையும் டீக்கடையும்தான். வாயக் கட்டச் சொன்ன நாங்கள் ஒருத்தரும், அந்நேரத்துக்கு அங்கே வேறென்ன கிடைக்கும் என்று இதுவரை அவரிடம் கேட்டதில்லை.