விமானம் ஏறினால் வளையம் நெரிக்குமா?

கள்ளக்குறிச்சியில் ஓர் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் பேருந்தில் சென்று பாருங்கள். கோமுகி அணையைத் தாண்டி மலைவளைவுகளில் வண்டி ஏறத் தொடங்கியதும் பொட்டலம் மெல்ல உப்பத் தொடங்கும். வெள்ளிமலையில் இறங்கும்போது முன்னைவிட விறைப்பாக இருக்கும். மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது. அதனால் அடைபட்ட காற்றின் கன அளவு பெருகுகிறது. ராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்ட விதி இதுதான்.

பள்ளியில் நாம் படித்த இந்த எளிய விதி, அண்மைக் காலத்து மருத்துவக் கட்டுரைகள் சிலவற்றில் பொருந்தாத இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. உடல் பருமனைக் குறைக்க இரைப்பையில் வளையம் பொருத்திக்கொண்டவர் விமானத்தில் செல்லலாமா என்பது கேள்வி. உயரே போனால் வளையம் விரியும், இரைப்பையை நெரிக்கும், ஆகவே எச்சரிக்கை என்று விடை எழுதுகிறார்கள். படிப்பவருக்கு இது அறிவியலாகவே தோன்றும். ஆனால் இது பாதி உண்மை. அஞ்ச வேண்டாததற்கு அஞ்ச வைத்துவிட்டு, அஞ்ச வேண்டியதை இது மறைத்துவிடுகிறது. அதனால்தான் இதை விரிவாக ஆராய வேண்டியிருக்கிறது.

முதலில் வளையம் எப்படிப்பட்டது என்று காண்போம். சிலிக்கோனால் ஆன இந்தப் பட்டையை இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றிப் பூட்டுகிறார்கள். அதன் உட்புறத்தில் சிறு பை ஒன்று உண்டு. அங்கிருந்து செல்லும் மெல்லிய குழாய், வயிற்றுத் தோலுக்கு அடியில் தைக்கப்பட்ட ஒரு சிறு குமிழில் முடிகிறது. மருத்துவர் அக்குமிழில் ஊசியைக் குத்தி நீரை ஏற்றினால் வளையம் இறுகும். நீரை எடுத்தால் தளரும். இப்படி இறுக்கத்தை மாற்றக்கூடிய வளையத்தை 1986இல் குஸ்மாக் என்னும் மருத்துவர் கையாண்டார். வயிற்றைப் பெரிதாகத் திறக்காமல் சிறு துளைகளின் வழியே அதைப் பொருத்தும் முறை 1993இல் பெல்ஜியத்தில் வந்தது.

அந்தப் பைக்குள் இருப்பது காற்றன்று, உப்புநீர். பாயில் விதி வாயுக்களுக்கே உரியது. மலையேறும் பேருந்தில் வறுவல் பொட்டலம் உப்புகிறதே தவிர, வாய்வரை நிரப்பிய தண்ணீர்ப் புட்டி உப்புவதில்லை. கட்டுரையாளர் இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்திருந்தால் போதும், பாதிக் கட்டுரை எழுதப்படாமலே போயிருக்கும்!

நீரோடு சிறிது காற்றும் உள்ளே போய்விட்டால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான், விமானத்தில் வளையம் இறுகியதுபோல் இருந்தது என்று சிலர் சொல்வதும் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். விமானம் 35,000 அடி உயரத்தில் பறக்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் தரைமட்டத்தில் உள்ளதில் கால் பங்கே இருக்கும். ஆனால் பயணி வெளியில் உட்கார்ந்திருப்பதில்லை. அறைக்குள் காற்றைச் செலுத்தி, பெரும்பாலும் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கும் அழுத்தத்தை அங்கே நிலைநிறுத்துகிறார்கள். 8,000 அடி என்றால் தரைமட்ட அழுத்தத்தில் முக்கால் பங்கு. அங்கே அடைபட்ட காற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெருகும். வளையத்தில் 0.2 மில்லிலிட்டர் காற்று தங்கியிருந்தால், அது 0.27 ஆகும். மருத்துவர் ஒருமுறை ஊசியால் ஏற்றும் நீரோ அரை மில்லிலிட்டர், ஒரு மில்லிலிட்டர் என்ற அளவில் இருக்கும்! ஆகவே இறுகிய உணர்வு வந்தால், குடலில் உள்ள வாயுவின் பெருக்கத்தையும், போதிய நீர் அருந்தாமையையும், அவசரமாக விழுங்கிய உணவையும் முதலில் ஐயுறுவதே பொருத்தம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உதகமண்டலம் சுமார் 7,350 அடி உயரத்திலும், தொட்டபெட்டா சுமார் 8,650 அடி உயரத்திலும் இருக்கின்றன. விமானத்துக்கு அஞ்சுகிறவர் ஊட்டிப் பேருந்துக்கும் அஞ்ச வேண்டும். கல்வராயன் மலையின் ஊர்கள் பலவும் 2,000 முதல் 3,000 அடி உயரத்திலேயே இருப்பதால், வெள்ளிமலைக்காரருக்கு அதில் பாதிக் கவலைகூட வேண்டியதில்லை.

வளையத்தையும் பலூனையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதே இந்தத் தவற்றின் வேர் என்று நினைக்கிறேன். இரைப்பைக்குள் பலூனை வைத்து உணவுக்கு இடமில்லாமல் செய்வது வேறொரு சிகிச்சை. அதில் நீர் நிரப்பும் வகையும் உண்டு, வாயு நிரப்பும் வகையும் உண்டு. நீர் வகையில் நீலச் சாயம் கலந்து வைப்பார்கள். பலூன் ஒழுகினால் சிறுநீரின் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். வாயு வகைக்குப் பாயில் விதி முழுமையாகப் பொருந்தும். அதைப் பொருத்திக்கொண்டவர் பறப்பதற்குமுன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். அவருக்குரிய எச்சரிக்கையை எடுத்து வளையக்காரருக்கு ஒட்டிவிட்டார்கள்.

துளைவழி அறுவையின்போது வயிற்றை உப்பவைக்கச் செலுத்தும் கரியமில வாயுவைப் பற்றிய அச்சத்துக்கு ஓரளவு அடிப்படை உண்டு. ஆனால் இரத்தத்தில் எளிதில் கரைவதால்தான் அந்த வாயுவையே தேர்ந்தெடுத்தார்கள். ஓரிரு நாளில் பெரும்பாலும் போய்விடும். எளிய துளைவழி அறுவைக்குப்பின் 1 அல்லது 2 நாளும், சிக்கலான வயிற்று அறுவைக்குப்பின் 10 நாளும் பொறுத்துப் பறக்கலாம் என்பது பிரிட்டனில் வழங்கும் பொதுவான அறிவுரை.

உண்மையான ஆபத்து வயிற்றில் இல்லை, கெண்டைக்காலில் இருக்கிறது. நடக்கும்போது கெண்டைத் தசை சுருங்கிச் சிரைகளில் உள்ள இரத்தத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. பல மணி நேரம் உட்கார்ந்தால் அந்த இறைப்பு நின்றுவிடுகிறது. தேங்கிய இரத்தம் உறையலாம். உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, 4 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் இந்த ஆபத்தை ஏறத்தாழ இரு மடங்காக்குகிறது. நலமாக உள்ளவருக்கு அது 6,000 பயணத்தில் ஒன்று என்ற சிறு அளவே. ஆனால் பருமன் ஒரு காரணம், அறுவை இன்னொரு காரணம், நீர் குறைவாக அருந்துவது மூன்றாவது. இம்மூன்றும் ஒருவரிடமே கூடினால் கணக்கு மாறிவிடும். அறுவையால் வந்த ஆபத்து வாரக்கணக்கில் நீடிக்கும். இது விமானத்துக்கு மட்டும் உரியதன்று. சென்னையில் அறுவை முடித்துக் கள்ளக்குறிச்சிக்குப் பேருந்தில் ஐந்தாறு மணி நேரம் காலை மடக்கி வருகிறவருக்கும் உண்டு. அவரைப் பற்றி யார் எழுதுகிறார்கள்?

2017ஆம் ஆண்டு எகிப்திலிருந்து மிகப் பருமனான பெண் ஒருவரைச் சரக்கு விமானத்தில் மும்பைக்குக் கொண்டுவந்த செய்தி வாசகர்களுக்கு நினைவிருக்கும். மார்ச் மாதம் அவருடைய இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கினார்கள். மே மாதம் அவர் அபுதாபிக்கு விமானத்தில் சென்றார். செப்டம்பரில் அங்கே காலமானார். கட்டிலின் அகலம், தூக்கிய கிரேன், இறங்கிய கிலோ, எடைபற்றி மருத்துவமனைக்கும் உறவினருக்கும் நடந்த வாக்குவாதம் என நான் படித்த செய்திகளில் இவையே பத்தி பத்தியாக இருந்தன. அத்தகைய நோயாளி பறக்கும்போது மருத்துவர்கள் எதைக் கண்காணிப்பார்கள், ஏன் என்பதற்கு ஒரு பத்திகூட இல்லை. நாட்டுக்கே உடலியல் கற்பிக்கக் கிடைத்த வாய்ப்பு அது.

பாதுகாப்புச் சோதனையில் மணி அடிக்குமா என்றும் நீளமாக எழுதுகிறார்கள். குமிழில் இருப்பது சிறு அளவு டைட்டானியம். மருத்துவர் தந்த அட்டையைக் காட்டினால் போதும்.

எழுத வேண்டியது வேறு. போன இடத்தில் உணவு சிக்கி, தண்ணீர்கூட இறங்காமல் வாந்தி எடுத்தால் வளையத்தின் நீரை உடனே எடுத்தாக வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர் அங்கே இருக்கிறாரா? சாதாரண ஊசி குமிழின் சவ்வை அறுத்து ஓட்டையாக்கிவிடும். முனை வளைந்து, பக்கத்தில் வாய் திறந்த ஹியூபர் ஊசி வேண்டும். எல்லா ஊர் மருத்துவமனைகளிலும் அது இருக்காது. வளையத்தின் வகையையும், அதில் இப்போதுள்ள நீரின் அளவையும், அறுவை செய்தவரின் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் பார்த்த கட்டுரைகளில் ஒன்றுகூடச் சொல்லவில்லை.